கணக்கில் விடுபட்ட கிடா

நாற்பத்தொன்று. இது யுவனேஸ்வரியின் வயது. போன வருடம் அவளைக் கவிழ்த்துவிட்ட பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையின் எண்ணும் இதுதான். ஆடு, மாடு, பயிர் பச்சை என்று உயிரோடு இருக்கும் சொத்தை ஏட்டில் எப்படிக் காட்டுவது என்று சொல்லும் தரநிலை அது. இந்த இரண்டு நாற்பத்தொன்றில் எது தலைமுடியை அதிகம் நரைக்க வைத்தது என்று கேட்டால் அவள் யோசிக்காமலே பதில் சொல்வாள்.

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் அவள் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. சம்பளச் சீட்டு, லோரி டோக்கன், தோட்ட மேலாளர் துரைக்கு வரும் போன், பிரிண்டரில் சிக்கும் தாள் எல்லாம் சின்னக் கிராணியின் தலையில். கையெழுத்தும் சுழல் நாற்காலியும் பெரிய கிராணி முருகையாவுக்கு. முருகையா இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி விஷயத்தில் தலைமையகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. யுவனேஸ்வரி அதற்குள் பட்டப்படிப்பை முடித்தால் அவளுக்கு. முடிக்காவிட்டால் கோலாலம்பூரிலிருந்து ஆள் வரும். மற்ற பாடமெல்லாம் தேறியாகிவிட்டது. பாக்கி இந்த ஒன்றுதான்.

படிப்பு ஈப்போவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். பாதி நேரில், பாதி இணையத்தில். மாதம் ஒரு சனிக்கிழமை ஈப்போவுக்குப் போய் உட்கார வேண்டும்; வார நாட்களில் சாயங்காலம் மடிக்கணினியில் வகுப்பு. சனிக்கிழமைக்கு வண்டிப் பிரச்சினை இல்லை. கணவன் விமலன் கோலா தெர்லாவிலிருந்து ஈப்போ பசாருக்குக் காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறான். முன் சீட்டில் ஏறிக்கொண்டால் போதும். சீட்டுக்கடியில்கூட செலரிக் கட்டு இருக்கும். அவள் பக்கத்தில் உட்காரும் மாணவர்களுக்குப் பத்து மணிக்கே சூப் நினைப்பு வந்துவிடும் என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. ஒரு தடவை விரிவுரையாளர் டாக்டர் குகனேஸ்வரனுக்கு இரண்டு முட்டைக்கோஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்கக் கூடாதும்மா. தப்பா எடுத்துக்குவாங்க."

"வெறும் கோஸ்தான் சார்."

"ரிசல்ட் வந்தப்புறம் குடுங்க. அப்ப அது வெறும் கோஸ்."

பிரச்சினை வார நாட்களில்தான். அவள் வீடு இருக்கும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், போன் லைன் கிடைக்காது. நாலு பக்கமும் மலை. லயத்துக்கு மேலே, மண் ரோடு திரும்புகிற முனையில் முனியாண்டி கோயில் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் லைன் அருவி மாதிரிக் கொட்டும். மலேசியாவில் சிம் கார்டு வந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தில் காதல், வேலை விண்ணப்பம், வட்டிக்காரனுக்குச் சமாதானம் எல்லாம் முனியாண்டியின் முன்னிலையில்தான் நடந்து வருகின்றன. யுவனேஸ்வரியும் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள்.

கோயில் பூசாரி தர்மா பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கிறவர். அவர் மூன்று நிபந்தனை போட்டார். செருப்பு வெளியே. தோல் பை கூடாது. மூன்றாவதுதான் வில்லங்கம்: கேமரா முனியைப் பார்த்து இருக்க வேண்டும்.

"எதுக்குண்ணே?"

"நீ சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் படிச்சாலும் பரவால்ல. யார் பாடம் எடுக்கிறாங்கன்னு அவரு பாக்க வேணாமா?"

ஆக, முதல் நாள் வகுப்பில் திரையில் அவளுக்குப் பின்னால் முறுக்கிய மீசையோடு, கையில் அரிவாளோடு முனியாண்டி நின்றார். காலடியில் சுருட்டும் ஒரு கருப்பு பீர் பாட்டிலும். அவள் அவசரமாகப் பின்னணியை மங்கலாக்கும் பொத்தானை அமுக்கினாள். கணினி இரண்டு முகத்தையும் அலசிப் பார்த்து, முனியாண்டிதான் ஆள் என்று முடிவு செய்தது. அவர் தெளிவாக நின்றார், யுவனேஸ்வரி மங்கிப்போனாள். வருகைப் பதிவு எடுத்த குகனேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "புதுசா சேர்ந்தவரா?" என்று கேட்டார். அதன் பிறகு அவள் எதையும் மங்கலாக்கவில்லை. வகுப்பும் பழகிக்கொண்டது.

கோயிலில் வெளிச்சம் எரிந்தால் லயத்துச் சனம் வந்துவிடும். பூசை என்று நினைத்து வந்தவர்கள் பாடம் என்று தெரிந்தும் போகவில்லை. முன் வரிசையில் செல்லம். அடுத்த வீட்டுக்காரி, புருசனுக்குத் தொழிற்சாலையில் வேலை, அவளுக்குக் கியா பார்மில் ரோட்டோரக் காய்கறிக் கடை. வகுப்பு ஆங்கிலத்தில் ஓடும். நடுநடுவே மைக்கை அடைத்துவிட்டு யுவனேஸ்வரி தமிழில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னாலிருந்து முதுகில் குத்துவார்கள்.

"தேயிலைச் செடி இருக்குல்ல, அது மெசின் மாதிரிக்கா. கட்டடம், லோரி இருக்கிற கணக்குலதான் அதையும் எழுதணும்."

"செடிக்கு உசுரு இல்லையாமா?"

"இருக்கு. ஆனா அது காய்க்கிறதுக்குன்னே நிக்கிற செடி. அதனால மெசின். அதுல முளைக்கிற கொழுந்துதான் உயிருள்ள சொத்து. வெட்டிட்டா வெளைச்சல். பெக்டரிக்குள்ள போயிட்டா சரக்கு."

செல்லம் அடுத்திருந்த மணியம்மாவைப் பார்த்தாள். மணியம்மா இருபது வருடம் கொழுந்து எடுத்தவள். "இத்தன வருசமா நான் மெசினுக்கிட்டயா குனிஞ்சு நின்னேன்? அதான் இடுப்பு போச்சு" என்றாள்.

நியாய மதிப்பு என்ற வார்த்தை வந்த அன்று வகுப்பு முடிய நேரமாகிவிட்டது. உயிருள்ள சொத்தை வாங்கிய விலைக்கு எழுதக் கூடாது. கணக்கு முடிக்கும் நாளில் சந்தையில் என்ன கிடைக்குமோ அதில் விற்கிற செலவைக் கழித்து எழுத வேண்டும் என்றாள் யுவனேஸ்வரி.

"எந்தச் சந்தை?" என்றாள் செல்லம். "சிங்கப்பூர் காடி வந்து நின்னா ஸ்ட்ராபெரிக்கு ஒரு வெல. கோலாலம்பூர் பஸ்ஸுக்கு ஒரு வெல. நம்ம ஆளு வந்தா, சும்மா தூக்கிட்டுப் போலான்னு சொல்லணும். இதுல எதுலா நியாயம்?"

அந்தக் கேள்விக்குத் தரநிலையில் விடை இருந்தது. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவரவர் கடையில் அவரவர் ஏமாந்த கதைகள் தொடங்கிவிட்டன.

இனி கிடா. விமலன் வீட்டுக்குப் பின்னால் ஆறு ஆடு வளர்க்கிறான். ஐந்துக்குப் பெயர் கிடையாது. ஆறாவது கிடாவுக்கு, பெரிய மனிதர்களுக்குச் சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம்தான் பெயர். வயிறு முன்னால் போக, தலை பின்னால் போக, யாருக்கும் வழி விடாமல் நடு ரோட்டில் நடக்கும் என்பதால் வந்த பட்டம். யுவனேஸ்வரி போன வருடம் இந்தப் பாடத்தில் தோற்ற பிறகு, இந்தப் படிப்புத் தவணையின் முதல் வகுப்புக்கு விமலன் டத்தோவை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தான். கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டினான்.

"முனி, எம்பொண்டாட்டி இந்தப் பேப்பர்ல பாஸாயிட்டா இவன உனக்குத் தர்றேன்." சனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு வாய் நிற்கவில்லை. "லயத்துக்கே கறிச்சோறு போடுறேன்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

அன்றிலிருந்து டத்தோ சாமி ஆடு. யாரும் விரட்டக் கூடாது, கல் எறியக் கூடாது. செல்லம் கடைக்கு எடுத்து வைத்த சாலட் இலையை அது கூடை கூடையாகத் தின்றது. அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்று, "நல்லா தின்னு டத்தோ. உனக்கும் ஒரு நாள் இருக்கு" என்று மட்டும் சொல்வாள்.

தவணைக் கடைசியில் பெரிய வேலை ஒன்று கொடுத்தார்கள். உண்மையான விவசாயம் ஏதாவது ஒன்றை எடுத்து, தரநிலைப்படி கணக்கு முடித்து, விரிவுரையாளர் முன் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பாதி மதிப்பெண் அதில்தான். யுவனேஸ்வரி துரையிடம் போய்த் தோட்டத்துக் கணக்கைக் கேட்டாள். துரை சிரித்தார். "கம்பெனி ரகசியம்மா. வீட்டுல கோழி கீழி வளர்க்கலையா?"

எனவே ஆடு. ஐந்து ஆட்டுக்கும் வயது, எடை, சந்தை விலை, லோரி செலவு எல்லாம் அழகாக எழுதினாள். செல்லம் ஊரெல்லாம் போன் போட்டு விலை விசாரித்துக் கொடுத்தாள். டத்தோவிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை எவரும் நம்முடையது என்று சொல்வதில்லை. லயத்து வழக்கம் அது. தன்னுடைய சொத்துப் பட்டியலில் முனியாண்டியின் கிடாவை எழுத அவளுக்குக் கை வரவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று இருந்தது. டத்தோவை எழுதினால் வேண்டுதலையும் கொடுக்க வேண்டிய கடனாக எழுத வேண்டும். வேண்டுதலை எழுதினால், அது நிறைவேறும் வாய்ப்பு அதிகமா குறைவா என்று அவளே சொல்ல வேண்டும். அதாவது, நான் பாஸ் ஆவேனா மாட்டேனா என்று இந்தப் பாடத்தின் விடைத்தாளிலேயே எழுத வேண்டும். மாட்டேன் என்று எழுதினால் கேவலம். ஆவேன் என்று எழுதினால் கண் படும். லயத்தில் யாரைக் கேட்டாலும், மகன் பரீட்சையானாலும் மாடு ஈனுவதானாலும், "பாப்போம்லா" என்றுதான் சொல்வார்கள். பாப்போம் என்பதைக் கணக்கில் எங்கே எழுதுவது?

அவள் ஐந்து ஆடு என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

கேள்வி நேரம் ஈப்போவில், நேரில் நடக்க இருந்தது. முந்தின நாள் பெய்த மழையில், ஈப்போவுக்கு இறங்கும் சிம்பாங் பூலாய் ரோட்டில் மண் சரிந்தது. கோலா தெர்லாவிலிருந்து கிளம்பிய காய்கறி லோரிகள் வரிசையாகத் திரும்பின, விமலனும் திரும்பினான். பல்கலைக்கழகம் யோசித்து, மலைமேல் இருக்கும் மாணவர்களுக்கு மட்டும் இணையத்தில் நடத்தலாம் என்று சொன்னது. ஆக, சனிக்கிழமை காலை யுவனேஸ்வரி பட்டுச்சேலை கட்டி, முனியாண்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரோடு அடைபட்டதால் வேலை இல்லாத லயம் மொத்தமும் கேமராவுக்கு வெளியே குந்தியிருந்தது. முருகையாவும் வந்திருந்தார். தன் நாற்காலி யாருக்குப் போகிறது என்று பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறதல்லவா?

முதல் பாதி நன்றாகப் போனது. ஆட்டை எந்த நாளில் மதிப்பிட்டீர்கள், குட்டி போட்டால் என்ன செய்வீர்கள் என்று குகனேஸ்வரன் ஆங்கிலத்தில் கேட்டார். அவளும் ஆங்கிலத்தில் தட்டாமல் பதில் சொன்னாள். செல்லம் புரியாமலே தலையாட்டினாள்.

அப்போது டத்தோ வந்தது. யாரையும் கேட்கவில்லை. கூட்டத்தை வகிர்ந்துகொண்டு நடந்து வந்து, திரையில் யுவனேஸ்வரியின் தோளுக்கு மேலே முகத்தைக் காட்டி, முனியாண்டிக்கு வைத்த வாழைப்பழத்தில் ஒன்றை எடுத்தது. தடுக்க எழுந்த இரண்டு பேரைத் தர்மா, "சாமி ஆடு, தொடாதீங்க" என்று உட்கார வைத்தார்.

குகனேஸ்வரன் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"யுவனேஸ்வரி, உங்க அஞ்சுல இது எது?"

"அதுல இல்ல சார்."

"யார் வீட்டு ஆடு?"

"முனியாண்டியோடது சார்."

"எந்த முனியாண்டி? பக்கத்து வீடா?"

அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னால் கையைக் காட்டினாள். குகனேஸ்வரன் சற்று நேரம் முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டியும் அவரைப் பார்த்தார்.

"அவர் வாங்கினாரா?"

"இல்ல சார். வீட்டுக்காரர்தான் வாங்கினாரு."

"தீனி யார் போடுறது?"

"நாந்தான்" என்று கேமராவுக்கு வெளியிலிருந்து செல்லத்தின் குரல் வந்தது. "என் சாலட் எல."

"யாரும்மா அது?"

"சந்தை விலைத் தகவல் குடுத்தவங்க சார்" என்றாள் யுவனேஸ்வரி.

"சரி. இந்த ஆடு எப்ப முனியாண்டிகிட்டப் போகும்?"

யுவனேஸ்வரி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பேப்பர் பாஸான பிறகு சார்."

"எந்தப் பேப்பர்?"

"நீங்க இப்ப கேள்வி கேக்குற பேப்பர்."

குகனேஸ்வரன் பேனாவைக் கீழே வைத்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் தெளிவான முகத்தோடு திரும்பினார்.

"பாஸாகலன்னா?"

இதற்கு விமலனே முன்னால் வந்து குனிந்து பதில் சொன்னான். "எங்ககிட்டயே இருக்கும் சார். தீபாவளிக்கு வித்துருவேன். நல்ல வெல சார்."

"உக்காருங்க. கேட்டீங்களா யுவனேஸ்வரி? இன்னிக்கு இந்த ஆடு யாரோட கட்டுப்பாட்டுல இருக்கு?"

"எங்களோடது சார்."

"அப்ப அஞ்சா, ஆறா?"

"ஆறு சார்."

"இதுக்கு மார்க் குறைப்பேன். சொல்லிட்டேன். இப்ப வேண்டுதலுக்கு வருவோம். ஊர் அறிய வாக்குக் குடுத்திருக்கீங்க. முனியாண்டி எதிர்பார்க்கிறாரான்னு எனக்குத் தெரியாது. வேற யாராவது எதிர்பார்க்கிறாங்களா?"

யுவனேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். குந்தியிருந்த லயம் முழுவதும் அவளைப் பார்த்தது. மணியம்மா, "ஒரு வாரமா கறி வாங்கல" என்று மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாரும் எதிர்பார்க்கிறாங்க சார்."

"அப்ப அதை ஏட்டுல காட்டணுமா வேணாமான்னு முடிவு பண்ண ஒரே ஒரு கேள்வி. நடக்க வாய்ப்பு அதிகமா, குறைவா? உங்க வாயால சொல்லுங்க."

"பாப்போம் சார்."

"அப்படி ஒரு கட்டம் எந்தத் தரநிலையிலயும் இல்ல."

காற்றில் மஞ்சள் துணி ஆடியது. டத்தோ இரண்டாவது பழத்தை மென்றுகொண்டிருந்தது. யுவனேஸ்வரிக்கு முருகையாவின் முகம் தெரிந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னக் கிராணியாகச் சேர்ந்த நாளிலிருந்து எது கேட்டாலும் பாப்போம் என்றுதான் அவள் சொல்லி வந்திருக்கிறாள். லீவு கேட்டாலும் பாப்போம், துரை மாறினாலும் பாப்போம். போன வருடம் இந்தப் பாடத்துக்கும் அப்படித்தான் சொன்னாள். பார்த்தாயிற்று.

"அதிகம் சார்" என்றாள்.

"என்னது அதிகம்?"

"நான் பாஸாகிறதுக்கு வாய்ப்பு அதிகம். ஆவேன். ஆறு ஆடும் சொத்துல காட்டுவேன். ஒரு கிடாவுக்கும் லயத்துச் சாப்பாட்டுக்கும் ஒதுக்கீடு போடுவேன்."

செல்லம் சட்டென்று எழுந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து அவள் தலையை மூன்று முறை சுற்றி, ரோட்டில் வீசிவிட்டு வந்தாள். இவ்வளவும் திரையில் தெரிந்தது. குகனேஸ்வரன் அது முடியும் வரை காத்திருந்தார்.

"முடிஞ்சுதா? திருத்தி, ராத்திரிக்குள்ள அனுப்புங்க. இன்னொரு தடவை நீங்க வச்சிருக்கிற எதையும் சாமியோடதுன்னு சொல்லி மறைக்காதீங்க. அடுத்த ஆள வரச் சொல்லுங்க." பிறகு ஞாபகம் வந்தவராக, "உங்களுக்கு அடுத்தது கோலா தெர்லாவுல இருக்கிறவரு. நீங்க லைன வெட்டினா போதும்" என்றார்.

முடிவு வந்தது. சி பிளஸ். தேர்ச்சிக்கு அது போதும். அதற்கு மேல் ஒன்றுக்கும் போதாது. யுவனேஸ்வரி கோயில் முனையில் நின்று போனில் படித்துக் காட்டினாள். லயம் கை தட்டியது. விமலன் மட்டும் டத்தோவின் கொம்பைத் தடவிக்கொண்டு நின்றான். இத்தனை மாதத்தில் அவனுக்கு அதன் மேல் ஒரு பாசம் விழுந்திருந்தது.

"தர்மாண்ணே, ஒரு சந்தேகம். சி பிளஸ்ஸுக்கு முழு கிடாவா? கோழி பத்தாதா?"

"முனி ஏ வேணும்னு கேட்டாரா? பாஸானா போதும்னுதானே வாங்கிக்கிட்டாரு" என்றார் தர்மா.

"இல்ல, ஒரு பேச்சுக்கு."

"பேச்செல்லாம் வேணாம்ங்க" என்றாள் யுவனேஸ்வரி. "நான் கிடான்னு போட்டாச்சு. இனிமே கோழின்னு மாத்துனா நான் தேறினதுக்கே அர்த்தமில்ல."

விமலன் பெருமூச்சு விட்டான். டத்தோ செல்லத்தின் கூடையை நோக்கி நடந்தது. செல்லம் முதன்முறையாகக் கூடையை அதன் முன்னால் தானே தள்ளி வைத்தாள்.

கிடா வெட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை. டாக்டர் குகனேஸ்வரன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சைவம். அவருக்குச் சாம்பார் தனியாக வைப்பது செல்லத்தின் பொறுப்பு. திரும்பும்போது இரண்டு முட்டைக்கோஸ் வாங்கிக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். வருடக் கடைசியில் முருகையா சுழல் நாற்காலியை யுவனேஸ்வரியிடம் ஒப்படைக்கிறார். அதன் ஒரு சக்கரம் சுற்றாது.